லாம்டா ரூல் நடத்துற சார், மேடம் எல்லாருக்கும்: லின் கான்வே பேரையும் கிளாஸ்ல சொல்லுங்க

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்கள்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) டிபார்ட்மெண்ட்ல இருக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெங்களூர்ல சிப் லேஅவுட் இன்ஜினியரா இருக்கேன். படிச்சது நம்ம ஊர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல, ஈசிஇதான். 14 வருஷமா தினமும் ஸ்கிரீன்ல பச்சை, செவப்பு, நீலம்னு பட்டை பட்டையா போட்டு டிரான்சிஸ்டர் வரையுறதுதான் பொழப்பு. இந்த லெட்டர நான் எழுத ஆரம்பிச்சது 2024 ஜூன்ல, சிப் வரையுறதுக்கான லாம்டா ரூல எழுதின அமெரிக்க இன்ஜினியர் லின் கான்வே இறந்துட்டாங்கன்னு நியூஸ் பார்த்த அன்னிக்கு. அப்புறம் பாதியில விட்டுட்டேன், திரும்ப எடுத்தேன், இப்பதான் முடிக்கிறேன்.

உங்கள்ல பாதிப்பேருக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருக்கும். ஆனா எங்க கிளாஸ்ல யாருமே சொல்லல. விஎல்எஸ்ஐ டிசைன் (அதாவது சிப் டிசைன்) பேப்பருக்காக நாங்க எல்லாரும் காலேஜ் எதிர்ல இருந்த ஜெராக்ஸ் கடையில கலர் பென்சில் வாங்கினோம், ஞாபகம் இருக்கு. சிப்போட ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கலர், டிஃப்யூஷன் பச்சை, பாலி செவப்பு, மெட்டல் நீலம், பச்சை மேல செவப்பு குறுக்க போனா அந்த எடம் டிரான்சிஸ்டர். லாம்டாங்கிற அளவுல பாலி அகலம் 2 லாம்டா, மெட்டல் 3 லாம்டானு மனப்பாடம் பண்ணி 16 மார்க் கேள்விக்கு ஸ்டிக் டயகிராம் வரைஞ்சு மார்க்கும் வாங்கிட்டோம். இந்த ரூல யாரு எழுதினா, எதுக்கு எழுதினாங்க, அதுக்கு முன்னாடி அவங்க வாழ்க்கையில என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஓம், கிர்ச்சாஃப், ஷாக்லி பேரெல்லாம் சொல்லித்தான் ஆரம்பிப்போம், இங்க மட்டும் ரூல் ஏதோ வானத்துலருந்து விழுந்த மாதிரி இருந்துச்சு.

அவங்க 1938 ஜனவரி 2ஆம் தேதி நியூயார்க் பக்கத்துல மவுண்ட் வெர்னன்ல பொறந்தாங்க. ரொம்ப கூச்ச சுபாவம், கணக்கும் சயின்ஸும் உயிர், சின்ன வயசுலயே ஒரு லீவுல தானே 6 இன்ச் டெலஸ்கோப் செஞ்சவங்க. பொறந்தப்ப பையன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க, ஆனா உள்ளுக்குள்ள தான் ஒரு பொண்ணுங்கிறது சின்ன வயசுலருந்தே அவங்களுக்குத் தெரியும். வீட்ல வச்ச பழைய பேரு இந்த லெட்டருக்குத் தேவையில்ல. 1955ல எம்ஐடியில சேர்ந்தாங்க, நல்லாத்தான் படிச்சாங்க, 1957-58ல பொண்ணா மாற முயற்சி பண்ணப்ப அந்தக் காலத்து டாக்டர்கள்கிட்ட உதவி கெடைக்கல, எல்லாம் சரிஞ்சு டிகிரி வாங்காமலே வெளிய வந்துட்டாங்க. அப்புறம் சில வருஷம் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனா வேலை. அதுக்கப்புறம் கொலம்பியா யுனிவர்சிட்டியில சேர்ந்து 1962ல பி.எஸ்., 1963ல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல மாஸ்டர்ஸ். கல்யாணமும் ஆச்சு, ரெண்டு பொண்ணுங்க.

1964ல ஐபிஎம்ல சேர்ந்தாங்க. அங்க ஏசிஎஸ்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் புராஜெக்ட். அதுல அவங்க முன்னால நின்னு பண்ண வேலைக்கு டைனமிக் இன்ஸ்ட்ரக்ஷன் ஷெட்யூலிங்னு பேரு. காலையில நம்ம வீட்ல சமையல் நடக்கறத நினைச்சுப் பாருங்க, பருப்பு குக்கர்ல மூணு விசில் வர்ற வரைக்கும் அம்மா கையக் கட்டிட்டு நிக்கவா செய்வாங்க, அந்த நேரத்துல காய் நறுக்கி, தேங்கா அரைச்சு, பக்கத்து அடுப்புல பாலையும் வச்சிருவாங்க, ஆனா பருப்பு வேகாம சாம்பார மட்டும் கூட்டமுடியாது. எது எதுக்காக காத்திருக்கணும், எதெல்லாம் காத்திருக்க வேண்டாம்னு புரோகிராம் ஓடிட்டிருக்கும்போதே ஹார்ட்வேர் கண்டுபிடிச்சு, ஒரே கிளாக் சைக்கிள்ல ஒண்ணுக்கு மேல இன்ஸ்ட்ரக்ஷன, வரிசை மாத்திக்கூட அனுப்பணும். இத 1966லயே எழுதி வச்சாங்க. நம்ம கையில இருக்குற போன் புராசஸர் இன்னிக்கு செய்யறது இந்த மாதிரி வேலையத்தான். அதே கம்பெனியில அதே காலத்துல டொமாசுலோங்கிறவர் இதே மாதிரி வேலைக்குப் பண்ண அல்காரிதம் நம்ம கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல இருக்கு, நல்ல விஷயம். லின் கான்வே டீம் பண்ணது இல்ல.

ஏன் இல்லன்னா, 1968ல அவங்க பொண்ணா மாறப்போறேன்னு கம்பெனியில சொன்னாங்க. பக்கத்துல இருந்த மேனேஜர்கள் ஓரளவு ஒத்துழைக்கத் தயாரா இருந்ததாத்தான் அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க, ஆனா விஷயம் மேல போச்சு, ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் வரைக்கும் போச்சு, ஆகஸ்ட் 29 அன்னிக்கு வேலையிலருந்து தூக்கிட்டாங்க. வேலை போச்சு, கல்யாணம் முறிஞ்சுது, பொண்ணுங்கள பாக்கக்கூடாதுன்னு ஆகி பல வருஷம் பாக்க முடியல. அப்ப அவங்களுக்கு 30 வயசு.

இங்கதான் நான் ஒவ்வொரு தடவையும் நின்னுருவேன். ஐபிஎம்ல அவங்க பண்ண வேலை பூரா பழைய பேர்ல இருக்கு. புதுப் பேர்ல, புது ஆளா, யாருக்கும் தெரியாம திரும்ப ஆரம்பிக்கணும், அப்ப ரெஸ்யூம்ல எத எழுதுறது? சூப்பர் கம்ப்யூட்டர் டிசைன் பண்ண கை, கான்ட்ராக்ட் புரோகிராமரா அடிமட்டத்துலருந்து ஏறி வந்துச்சு. அப்புறம் மெமோரெக்ஸ்ங்கிற கம்பெனியில டிஜிட்டல் டிசைனர், அங்கருந்து 1973ல ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ரிசர்ச் சென்டர்.

எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இருந்தா. எங்களோட படிக்கிறப்ப பசங்க பெஞ்சுலதான் உக்காருவா, ஹாஸ்டல்ல யாரோட ஹெட்போன் போனாலும் அவகிட்டதான் போகும், நான் சால்டரிங் அயர்ன் ஒழுங்கா புடிக்கக் கத்துக்கிட்டதே அவகிட்டதான். அஞ்சு செமஸ்டர் முடிஞ்சுது, அரியர் ஒண்ணு கூட இல்ல. தான் திருநங்கைன்னு வெளிய சொன்னப்புறம் மார்க்‌ஷீட்ல பேர் மாத்தணும்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தா, அவங்க இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினாங்க, அங்கருந்து திரும்ப இங்க, ஹாஸ்டல்ல ரூம் கேட்டதுக்கும் அதே அலைச்சல், ஆறாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டவே இல்ல. நாங்களும் ஒண்ணும் பண்ணல. என் ஃபிரெண்டுதான், நானும் கேக்கல, பிளேஸ்மெண்ட் வந்துருச்சு, அதுல முழுகிட்டேன். இது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. இப்ப அவ கோயம்புத்தூர்ல ஒரு மொபைல் சர்வீஸ் கடையில இருக்கா, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில ஐசி ரீபாலிங் பண்றா, அதாவது சிப்புக்கு அடியில இருக்குற சால்டர் உருண்டைகள எடுத்துட்டு புதுசா வைக்கிறா, டெட் போர்டுன்னு மத்த கடைக்காரங்க கைவிட்டதெல்லாம் அவகிட்ட வருது. இந்த லெட்டர்ல உன்னப்பத்தி எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதுடி, என் பேரும் காலேஜ் பேரும் வேணாம்னா.

சரி, லாம்டாவுக்கு வர்றேன்.

1970கள்ல சிப் டிசைன்னா அது பெரிய கம்பெனிக்குள்ள பூட்டி வச்ச வித்தை. சிப் தயாரிக்குற ஒவ்வொரு பேப்ரிகேஷன் லைனுக்கும் தனித்தனி ரூல், எத்தன மைக்ரான் அகலம், எத்தன மைக்ரான் இடைவெளின்னு பக்கம் பக்கமா இருக்கும், புராசஸ் (தயாரிப்பு முறை) கொஞ்சம் சின்னதா ஆச்சுன்னா வரைஞ்சது பூரா திரும்ப வரையணும். லின் கான்வேயும் கால்டெக் புரொஃபசர் கார்வர் மீடும் சேர்ந்து வேலை பாத்தாங்க, அப்ப லின் கான்வே கண்டது இந்த லாம்டா. எங்க பாட்டி போடுற புள்ளிக் கோலம் மாதிரின்னு நான் சொல்லுவேன். ஊர் வாசல் பெருசு, புள்ளிய தள்ளித் தள்ளி வைப்பாங்க. பெங்களூர் ஃபிளாட்ல கதவுக்கு முன்னால ரெண்டடிதான் எடம், புள்ளிய நெருக்கி வச்சா அதே கோலம் வந்துரும், கோலத்த மாத்தவேண்டியதில்ல. லாம்டாங்கிறது அந்தப் புள்ளி இடைவெளி. எல்லா அளவையும் 2 லாம்டா, 3 லாம்டான்னு எழுதிட்டா, நாளைக்கு புராசஸ் சுருங்குறப்ப லாம்டா மதிப்ப மட்டும் மாத்தினா போதும். அவ்வளவு தடிமனா இருந்த ரூல் சில பக்கத்துக்குள்ள அடங்கிருச்சு, அதனால ஒரு காலேஜ் ஸ்டூடண்ட்கூட ஒரு செமஸ்டர்ல கத்துக்கிட்டு சிப் வரையலாம்னு ஆச்சு. (இன்னிக்கு நாங்க வேலை பாக்குற ரொம்பச் சின்ன அளவு புராசஸ்ல லாம்டா ரூல் அப்படியே செல்லாது, பவுண்டரி (சிப் தயாரிக்குற கம்பெனி) கொடுக்குற ரூல்தான் பேசும், அதையும் பிள்ளைங்ககிட்ட சேத்தே சொல்லிருங்க, வேலைக்கு வந்தப்புறம் குழம்பமாட்டாங்க.)

அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின பாடப்புத்தகம் 1980ல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1978ல, எம்ஐடி அவங்கள பாடம் நடத்தக் கூப்பிட்டுச்சு. 20 வருஷத்துக்கு முன்னாடி டிகிரி இல்லாம நொந்துபோய் வெளிய வந்த அதே எம்ஐடி. அங்க இருந்தவங்களுக்கு இது தெரியாது, அவங்களும் சொல்லல. கூச்சப்படுற ஆள், தப்பா எதுவும் போயிரக்கூடாதுன்னு ஒவ்வொரு கிளாசுக்கும் நோட்ஸ் முழுசா கையால எழுதி எடுத்துட்டுப் போனாங்க, பின்னாடி மத்த காலேஜ் புரொஃபசர்களும் அந்த நோட்ஸ வச்சுத்தான் தங்க ஊர்ல கிளாஸ் ஆரம்பிச்சாங்க. பாதி செமஸ்டர் பாடம், மீதி செமஸ்டர் ஸ்டூடண்ட்ஸ் சொந்தமா ஒரு சிப் டிசைன் பண்ணணும். எல்லார் டிசைனையும் நெட்வொர்க் வழியா கலிபோர்னியாவுக்கு அனுப்பி, ஒண்ணா சேத்து, ஹெவ்லெட் பக்கார்டு லேப்ல சிப்பா அடிச்சு, சில வாரத்துல ஸ்டூடண்ட்ஸ் கைக்கே திரும்பி வந்துச்சு. கய் ஸ்டீல்ங்கிற ஸ்டூடண்ட் அந்த கிளாஸ்ல லிஸ்ப்ங்கிற புரோகிராமிங் மொழிக்குன்னே ஒரு புராசஸர் டிசைன் பண்ணார், ஒரு செமஸ்டர்ல.

அடுத்த வருஷம் இதையே பெருசா பண்ணாங்க. 1979 கடைசியில 12 யுனிவர்சிட்டி, 129 பேர், 82 டிசைன். கடைசித் தேதி முடிஞ்சு 29 நாள்ல சிப் ரெடி. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கணக்குத்தான், தனியா ஆட்டோ புடிச்சா கட்டுபடியாகாது, எட்டு பேர் ஏறினா ஆளுக்கு பத்து ரூபா, அதே மாதிரி ஒரே வேஃபர்ல (சிப் அடிக்குற சிலிக்கான் தட்டுல) எல்லார் டிசைனையும் ஏத்தி செலவப் பிரிச்சுக்கிட்டாங்க. 1981ல இது மோசிஸ்ங்கிற பேர்ல நிரந்தர சேவையாவே ஆயிருச்சு. சில வருஷத்துக்குள்ள நூத்துக்கும் மேல யுனிவர்சிட்டிகள்ல இந்தப் பாடம் வந்துருச்சு. இன்னிக்கு நம்ம நாட்டுல காலேஜ் பிள்ளைங்க வரைஞ்ச டிசைன் மொஹாலியில இருக்குற அரசு சிப் ஃபேக்டரிக்குப் போய் 180 நானோமீட்டர் லைன்ல சிப்பா திரும்பி வருதுல்ல, அதோட வேர் அங்க இருக்கு.

நான் டிசைன்ல இருந்த மொத சிப் பேக்கேஜ் ஆகி டேபிளுக்கு வந்த அன்னிக்கு அத டிஷ்யூ பேப்பர்ல சுத்தி பர்ஸ்ல வச்சுக்கிட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப்போய் எங்க அம்மாகிட்ட காமிச்சேன். இதுக்கா ராத்திரி ராத்திரி முழிச்சேன்னாங்க, அப்புறம் சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டாங்க. அந்த நாள 20 வயசு ஸ்டூடண்டுக்கும் கெடைக்க வச்சவங்க லின் கான்வே.

அதுக்கப்புறம் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டார்பாவுல ரெண்டு வருஷம், 1985லருந்து மிச்சிகன் யுனிவர்சிட்டியில புரொஃபசர், இன்ஜினியரிங் காலேஜுக்கு அசோசியேட் டீனும் கூட. 1989ல நேஷனல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங்ல உறுப்பினர். லீவு நாள்ல மோட்டோகிராஸ் பைக் ஓட்டுவாங்க, வேகமா ஓடுற ஆத்துல கனூங்கிற துடுப்புப் படகு விடுவாங்க, அப்படி கனூ விடப் போனப்ப பழக்கமான சார்லஸ் ரோஜர்ஸ்ங்கிற இன்ஜினியரத்தான் 2002ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1998ல ரிட்டயர்ட்.

ரிட்டயர்ட் ஆனப்புறம்தான் பழைய கதை வெளிய வந்துச்சு. கிளெம்சன் யுனிவர்சிட்டியில மார்க் ஸ்மாதர்மன்னு ஒருத்தர் ஐபிஎம்மோட அந்த ஏசிஎஸ் புராஜெக்ட் என்னாச்சுன்னு தோண்டிட்டிருந்தார், 1969லயே அத கம்பெனி நிறுத்திருச்சு, பேப்பர்லாம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. லின் கான்வே வீட்ல அந்த டாக்குமெண்ட்ஸ் இருந்துச்சு. 30 வருஷமா பத்திரமா வச்சிருந்திருக்காங்க! அத வெளிய எடுத்தா தான் யாருங்கிறதும் வெளிய வரும். எடுத்துட்டாங்க. 60 வயசுல, சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதப்ப. அதுக்கப்புறம் உலகம் பூரா இருக்குற திருநங்கை, திருநம்பிகளுக்கு தகவலும் தைரியமும் கொடுக்கறதுல ரிட்டயர்மெண்ட் காலத்துல பெரும்பகுதி போச்சு.

அங்கீகாரம் மெதுவாத்தான் வந்துச்சு. அமெரிக்காவோட நேஷனல் இன்வென்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல கார்வர் மீட் பேரு 2009ல ஏறுச்சு, லின் கான்வே பேரு ஏறுறதுக்கு 2023 ஆச்சு. ஆளுங்க தெரிஞ்சே ஒதுக்குறது ஒரு பக்கம், இந்த மாதிரி வேலைய ஒரு பொண்ணு செஞ்சிருப்பான்னு தோணாமலே விட்டுப்போறது இன்னொரு பக்கம், இத அவங்களே 2018ல ஒரு கட்டுரையா எழுதினாங்க. நம்ம நோட்ஸ்லயும் அவங்க பேரு அப்படித்தான் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன், யாரும் வேணும்னு பண்ணல.

2020 அக்டோபர்ல ஐபிஎம் மன்னிப்பு கேட்டுச்சு. ஆன்லைன் கூட்டம், ஆயிரத்துக்கும் மேல ஊழியர்கள் பாத்துட்டிருந்தாங்க, அந்த அம்மாவுக்கு அப்ப 82 வயசு. வேலையிலருந்து தூக்கி 52 வருஷம் கழிச்சு.

உங்க காலேஜ்ல ஐட்ரிபிள்ஈ (IEEE, உலக அளவிலான இன்ஜினியர்கள் சங்கம்) ஸ்டூடண்ட் பிராஞ்ச் கண்டிப்பா இருக்கும், பேனர் கூட கட்டியிருப்பீங்க. அந்த ஐட்ரிபிள்ஈயோட நெறிமுறையில பாலின அடையாளத்த வச்சு யாரையும் பாகுபாடா நடத்தக்கூடாதுங்கிற வார்த்தைய சேக்கச்சொல்லி போராடினவங்கள்ல லின் கான்வேயும் ஒருத்தர், 2014ல சேத்தாங்க. ஸ்டூடண்ட் பிராஞ்ச் இனாகரேஷன் அன்னிக்கு அந்த நெறிமுறைய சத்தமா படிக்கச் சொல்லுங்க.

நான் கேக்கறது சிலபஸ் மாத்தச்சொல்லி இல்ல, அது உங்க கையில மட்டும் இல்லன்னு தெரியும். லாம்டா ரூல் எடுக்குற அன்னிக்கு போர்டுல அவங்க பேர எழுதி, அஞ்சு நிமிஷம் இந்தக் கதைய சொல்லுங்க, திருநங்கைங்கிறதையும் தயங்காம சொல்லுங்க, அத மட்டும் மறைச்சுட்டு சாதனைய சொன்னா ஐபிஎம்லருந்து ஏன் வெளிய போனாங்கங்கிறதே புரியாது. அந்த கிளாஸ்ல வாய் திறக்காம உக்காந்திருக்குற ஒரு பிள்ளை இருக்கும். வருஷா வருஷம் எங்கயாச்சும் ஒரு காலேஜ்ல இருக்கும்.

இன்னொண்ணும் கேக்கணும், இது ஹெச்ஓடிகளுக்கு. நாங்க படிச்சப்ப திருநங்கை, திருநம்பிகளோட உரிமை பத்தின 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் இல்ல, 2019 சட்டமும் இல்ல, ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியலன்னு வச்சுக்குவோம். இப்ப அந்த சாக்கு இல்ல. பேர் மாத்தணும்னு ஒரு ஸ்டூடண்ட் லெட்டர் எடுத்துட்டு வந்தா, அந்த லெட்டர நீங்களே கையில வாங்கிக்கிட்டு யுனிவர்சிட்டி வரைக்கும் நீங்களே ஃபாலோ பண்ணுங்க, பிள்ளைய கவுண்டர் கவுண்டரா அனுப்பாதீங்க. சம்பந்தப்பட்ட பிள்ளை நல்லா படிக்கிற பிள்ளையா, அரியர் வச்ச பிள்ளையாங்கிறது இதுல கணக்கே இல்ல. டிகிரி சர்டிபிகேட்ல ஒரு பேரும் ஆதார்ல ஒரு பேரும் இருந்தா இன்டர்வியூ வாசல்லயே எல்லார் முன்னாடியும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டும், பல பேர் அதுக்கு பயந்தே அப்ளை பண்றதில்ல. நான் இப்ப எங்க டீமுக்கு ஆள் எடுக்குற பேனல்ல உக்காருறேன், கண்ணால பாத்துட்டு சொல்றேன்.

எந்த காலேஜ் கூப்பிட்டாலும் அந்த அஞ்சு நிமிஷ கதையோட லேஅவுட் பத்தி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்க நான் வர்றேன், சனிக்கிழமைன்னா நேர்லயே வர்றேன், காசு வேணாம். என் ஃபிரெண்டுகிட்டயும் கேட்டேன். போன வாரம்தான் யோசிச்சு சொன்னா, கோயம்புத்தூர் பக்கம்னா தானும் வர்றேன்னு, பழைய போன் போர்டு ஒண்ணையும் மைக்ரோஸ்கோப்பையும் தூக்கிட்டு வருவாளாம், ரீபாலிங் எப்படி பண்றதுன்னு பிள்ளைங்களுக்கு காமிக்கணுமாம். புரொஜெக்டர் மட்டும் வேலை செய்யற மாதிரி இருக்கட்டும்னு சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
உங்ககிட்ட படிச்ச ஒரு ஈசிஇ மாணவி,
பெங்களூரு